பலகைத் தொட்டில், பாவைப்பிள்ளை, கண்ணாடி மணி

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், கல்லூரி மண்டபத்தில் கனடாக் கிளையினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் கைவேலை பற்றி ஏதாவது பேசுங்கள் என்று விழாக் குழுவினர் எங்கள் கிளையைக் கேட்டிருந்தார்கள். ரேந்தை பற்றியும் பன்வேலை பற்றியும் பேசுவதற்கு இங்கே எங்களைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்கள் முப்பது, நாற்பது வருடங்களாக இன்னொரு மக்களின் நிலத்தில் குடியிருக்கிறோம். அந்த மக்களின் பெண்கள் கையால் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதை அறிய அண்மைக் காலமாக முயன்று வருகிறோம். அதையே இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

ரொறன்ரோப் பாடசாலைகளில் ஒவ்வொரு நாட் காலையிலும் இது யாருடைய நிலம் என்று வாசிப்பார்கள். எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். அதில் வரும் பெயர்களில் ஒன்று மிசிசாகா. எம்மவர் பலர் வீடு வாங்கிக் குடியிருக்கும் மிசிசாகா நகரத்தின் பெயரும் அவர்களுடையதே. மிசிசாகா மக்கள் அனிஷினாபே என்ற பெரிய இனத்தின் ஒரு பிரிவினர். ஓஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி எல்லோரும் அந்த இனத்தவர்களே. பேரேரிகளைச் சுற்றி ஒன்ராறியோ, மனிற்றோபா, மிச்சிகன், விஸ்கொன்சின், மினசோற்றா எங்கும் பரந்து வாழ்பவர்கள். இடையில் ஓடும் அமெரிக்க – கனடிய எல்லைக்கோடு அவர்கள் போட்டதல்ல.

உங்களில் பலர் கனவு பிடிக்கும் வலையைப் பார்த்திருப்பீர்கள். வட்டமான வளையத்தில் நூல்வலை பின்னி, இறகுகள் தொங்கவிட்ட ஒன்று. ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகளின் கார்க் கண்ணாடிகளில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஆடிக்கொண்டிருக்கும். கடையில் வாங்கும் அந்தப் பொருளுக்குச் சொந்த இடம் காரும் அல்ல, படுக்கையறைச் சுவரும் அல்ல. ஓஜிப்வே வீடுகளில் அது தொங்கியது கைக்குழந்தையின் தொட்டிலில். பிரான்சிஸ் டென்ஸ்மோர் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் ஓஜிப்வே மூதாட்டிகளிடம் கேட்டு எழுதி 1929இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றிச் சொல்கிறார். வளையம் மூன்றரை அங்குல அகலந்தான். வலை காஞ்சோன்றி வகைச் செடியின் நாரிலிருந்து முறுக்கிய நூல், சிவப்புச் சாயம் தோய்த்தது. சிலந்தி வலை பூச்சியைப் பிடித்து வைப்பதுபோலக் குழந்தையை நாடி வரும் தீங்கை அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

அந்த வலை தொங்கிய தொட்டிலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு அவர்கள் மொழியில் டிக்கினாகன் என்று பெயர். ஏறத்தாழ இரண்டு அடி நீளமான, மெல்லிதாய்ச் சீவிய ஒரு பலகை. பெரும்பாலும் சீடர் மரம். பாரம் குறைவு, உக்குவதும் குறைவு. கால்மாட்டில் வளைத்த மரச்சட்டம் ஒன்று குழந்தையின் பாதங்கள் கீழே நழுவாமல் தாங்கும். தலைமாட்டில் பலகைக்குச் செங்குத்தாக, வில் மாதிரி வளைத்த இன்னொரு மரம் நிற்கும். தொட்டில் முகங்குப்புற விழுந்தாலும் இந்த வளைவுதான் நிலத்தில் முட்டும்; பிள்ளையின் முகம் முட்டாது. மாரிகாலத்தில் அதன்மேல் துணியைப் போர்த்தினால் பிள்ளைக்குக் கூடாரம். கோடையில் அதே வளைவிலிருந்து விளையாட்டுச் சாமான்களும் வலைகளும் பிள்ளையின் கண்முன் ஆடும். ஒரு மரத்துண்டுக்கு இத்தனை வேலை கொடுத்தவர் பிள்ளை வளர்த்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

பிள்ளைக்குக் கீழே சதுப்பு நிலத்தில் எடுத்து, உலர்த்தி, குச்சிகளும் பூச்சிகளும் போகச் சுத்தம் செய்த பாசி. அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும். நனைந்ததை எறிந்துவிட்டுப் புதிது வைக்கலாம். இன்றைய பம்பர்ஸ் செய்யும் வேலைதான், குப்பை மாத்திரம் இல்லை. குளிருக்கு முயல்தோல். அதன்மேல் பிள்ளையைத் துணியால் சுற்றி, அகலமான இரண்டு பட்டிகளால் பலகையோடு கட்டுவார்கள். முற்காலத்தில் அந்தப் பட்டி மான்தோல். வணிகர்கள் வந்தபின் கம்பளித் துணி, வெல்வெற். மணிவேலை முழுவதும் இந்தப் பட்டிகளில்தான் இருக்கும். பிள்ளைக்கு அது தெரியாது. தாய் தொட்டிலை முதுகில் சுமந்து நடக்கும்போது பின்னால் வருபவர்களுக்கே அது தெரியும். இந்தப் பிள்ளைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்வதுபோல.

தாய் பெர்ரி பறிக்கும்போதும் காட்டு நெல் புடைக்கும்போதும் தொட்டிலை மரத்தில் சாய்த்து வைப்பாள். பிள்ளை நிமிர்ந்தபடி, பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்க்கும் பிள்ளையல்ல அது. வீட்டுக்குள் வேறொரு ஏற்பாடும் உண்டு: இரண்டு கயிறுகளை அருகருகே கட்டி, இடையில் ஒரு போர்வையை மடித்துப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தி ஆட்டுவார்கள். அதன் படத்தைக் கண்டதும் எங்களில் ஒருவர் “இது எங்கட ஏணையெல்லே” என்றார்.

தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் சிறிய பையொன்றில் இட்டுத் தைத்து, மணி கோத்து, தொட்டிலின் வளைவில் தொங்கவிடுவார்கள். அப்படிப் பேணாவிட்டால் அந்தப் பிள்ளை வளர்ந்த பின்னும் எதையோ தேடிக்கொண்டு அலையும் என்பார்கள். கொடியைத் தாயத்துக்குள் இட்டு அரைஞாணில் கட்டிய வீடுகளிலிருந்து வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், கால்களை நேராக நீட்டி இறுக்கிக் கட்டுவது சில குழந்தைகளின் இடுப்பு மூட்டை விலகச் செய்யும் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே இன்றைய தாய்மார் காலை மடக்க இடம் விட்டுக் கட்டுகிறார்கள். பழைய வழக்கத்தைக் காப்பாற்றுவது என்றால் அதை அப்படியே உறைய வைப்பது என்று அவர்கள் எண்ணவில்லை. எங்களுக்கும் அது சரியாகவே படுகிறது.

இனிப் பாவைப்பிள்ளைகள். துணியிலும் தோலிலும் செய்தவை உண்டு. சிறுமிகளின் பாவைப்பிள்ளைக்கென்று கையளவு பலகைத் தொட்டில் செய்து கொடுப்பார்கள். அதிலும் வளைவு இருக்கும், பட்டி இருக்கும். சம்புப் புல்லை மடித்துக் கட்டிய பாவைகளும் தண்ணீரில் மிதக்கும் வாத்துகளும் உண்டு. இவற்றுள் எங்களுக்குப் பிடித்தது பைன் மர ஊசியிலைப் பாவை. கொத்தாக உள்ள பச்சை ஊசியிலைகளை இடுப்பு, கை, பாவாடை தெரியும்படி நறுக்கி, தகரத் தட்டில் நிறுத்தி, தட்டை மெல்ல ஆட்டுவார்கள். பாவைகள் நடனமாடும். செலவு ஒரு சதமும் இல்லை. மறுநாள் வாடிவிடும், மறுநாள் வேறு செய்யலாம்.  டென்ஸ்மோர் இதையும் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு பாவையும் உண்டு. யோஹான் கேயோர்க் கோல் என்ற ஜேர்மானியப் பயணி 1855இல் சுப்பீரியர் ஏரியில் லா பொயின்ற் என்ற இடத்தில் ஓஜிப்வே மக்களிடையே தங்கியிருந்தார். கைக்குழந்தையை இழந்த தாய் குழந்தையின் தலைமயிரில் ஒரு கற்றையை வெட்டி, அதைச் சுற்றிக் குழந்தையின் உடுப்பும் விளையாட்டுச் சாமானும் வைத்துக் கட்டி, ஒரு பாவை போலாக்கி வைத்துக்கொள்வதை அவர் கண்டு எழுதினார். தாய் அதைப் போகுமிடமெல்லாம் சுமப்பாள், பக்கத்தில் கிடத்துவாள், உயிருள்ள பிள்ளையைப் போலவே பார்ப்பாள். ஒரு வருடமளவும் இது தொடரும். காரணத்தையும் அவர் கேட்டு எழுதியிருக்கிறார். இறந்த பிள்ளைக்கு இன்னும் நடக்கத் தெரியாது. மறு உலகத்துக்கு நெடுந்தூரம் போக வேண்டும். தனியாக நடக்கும் அளவுக்கு அந்த உயிர் வளரும்வரை தாய்தான் சுமக்க வேண்டும்.

இதை முதன்முறை வாசித்த அன்று எங்கள் கூட்டத்தில் எவரும் கதைக்கவில்லை. வந்தவர்களில் சிலருக்கு அப்படிச் சுமக்கவும் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

மணிவேலைக்கு வருவோம். கண்ணாடி மணி அவர்களுடைய ஆதிப்பொருளல்ல. அதற்கு முன் முள்ளம்பன்றியின் முட்களை ஊறவைத்து, பற்களால் தட்டையாக்கி, சாயமிட்டுத் தோலிலும் மரப்பட்டையிலும் தைத்தார்கள். ஐரோப்பிய வணிகர்கள் மென்மயிர்த் தோலுக்கு ஈடாகக் கொடுத்த பொருட்களோடு வெனிஸ் நகர மணிகளும் பின்னர் பொஹீமிய மணிகளும் வந்தன. வந்த பொருளுக்கு இவர்கள் தம் மொழியில் மனிடோமினென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தெய்வ ஆற்றல் கொண்ட சிறு கனி அல்லது வித்து என்று அதற்குப் பொருள் சொல்லலாம். கடற்கரைக் கடைச் சரக்கு அப்படித்தான் அவர்களுடையதாயிற்று.

எங்களில் தையல் தெரிந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. துணியின்மேல் மணி பதிக்க இரண்டு ஊசிகள் வேண்டும். ஓர் ஊசியின் நூலில் மணிகளைக் கோத்துக் கோடு கீறியபடி கிடத்துவார்கள். மற்ற ஊசியால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை அந்த நூலைத் துணியோடு பிடித்துத் தைப்பார்கள். வளைவு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இதழ் முறிந்து நிற்கும். கறுப்பு வெல்வெற்றில் இப்படித் தைத்த பூக்கொடிகள் 19ஆம் நூற்றாண்டில் ஓஜிப்வே வேலையின் அடையாளமாயின. உற்றுப் பார்த்தால் ஒரே கொடியில் ஒரு பக்கம் ஒரு பூ, மறுபக்கம் இன்னொரு பூ, இலையும் வேறு வேறு. தாவரவியல் ஆசிரியை ஒருவர் திருத்தக்கூடும். ஆனால் ஒவ்வொன்றும் தைத்தவருக்குத் தெரிந்த மூலிகையோ மரமோ ஆகும். சிலர் வேலை முழுவதிலும் ஒரு மணியை மட்டும் வேண்டுமென்றே நிறம் மாற்றித் தைப்பதாகவும் சொல்வார்கள், குறையற்ற படைப்பு மனிதர் வேலையல்ல என்பதற்காக.

மாதிரிப் படத்துக்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. பேர்ச் மரப்பட்டையிலிருந்து கடதாசி போன்ற மெல்லிய படையை உரித்து, மடித்து, கடைவாய்ப் பக்கத்துக் கூர்ப்பல்லால் கடித்துக் கடித்து உருவம் பதிப்பார்கள். விரித்தால் நான்கு பக்கமும் ஒத்த பூ. கண்ணால் பார்க்காமல் பல்லால் வரைவது! எங்கள் கிளையில் முயன்று பார்த்தோம். கடித்த கடதாசிதான் மிஞ்சியது.

மணிவேலையின் உச்சம் தோளில் குறுக்காக அணியும் பெரிய பை. பெண்கள் தைத்தார்கள், பெரும்பாலும் ஆண்கள் விழாக்களில் அணிந்தார்கள், பரிசாகக் கொடுத்தார்கள். அயலவரான டக்கோட்டா மக்கள் ஒரு பைக்கு ஒரு குதிரையைக் கொடுப்பார்கள் என்று வழங்கும் கதையை வைத்தே இந்தப் பைகளைப் பற்றிய நூலொன்றுக்கு 2017இல் பெயரிட்டார்கள்.

இனிச் சொல்லப் போவது இந்த மண்டபத்தில் நின்று சொல்ல எளிதானதல்ல. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி ஊரூராகப் பாடசாலைகளைத் திறந்த அதே அமெரிக்க மிஷன் 1831இல் லா பொயின்றில் ஓஜிப்வே மக்களிடையே ஒரு நிலையத்தைத் தொடங்கியது. பொஸ்ரனில் ஒரே சபை, ஒரே அறிக்கைப் புத்தகம். 1890இல் சிபில் காற்றர் என்ற வேறொரு சபை ஊழியர் மினசோற்றாவின் வைற் ஏர்த் பகுதியில் ஓஜிப்வே பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். முள்ளும் மணியும் பழகிய விரல்கள், விரைவில் பழகிவிட்டன. அந்த ரேந்தை கிழக்கு நகரங்களின் செல்வர் வீடுகளுக்குப் போயிற்று.

நமக்குப் போலவே அங்கும் கல்வியை விரும்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள். கார்டன் றிவரைச் சேர்ந்த ஷிங்வாக் என்ற தலைவர் 1832 மாரிகாலத்தில் பனிச் சப்பாத்தணிந்து நடந்தே இன்றைய ரொறன்ரோவுக்கு வந்து, தம் மக்களுக்கு ஓர் ஆசிரியரைத் தாருங்கள் என்று ஆளுநரிடம் கேட்டார். புதிய அறிவையும் தம் அறிவையும் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு குடிலை அவர் மனத்தில் கண்டிருந்தார். பின்னாளில் சூ சென். மரியில் அவர் பெயரில் எழுந்தது ஒரு வதிவிடப் பாடசாலை. அங்கே பிள்ளைகளின் மொழிக்கு இடமிருக்கவில்லை. அது 1970 வரை நடந்தது.

1920இல் கனடிய அரசு இந்தப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. பல்வேறு பழங்குடி இனங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் இவற்றினூடாகச் சென்றார்கள். போன அன்றே தலைமயிர் வெட்டப்பட்டது. வீட்டில் தைத்துக் கொடுத்த உடுப்பும் மொக்கசின் காலணியும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரு பாட்டி மாதக்கணக்காகத் தைத்தது அப்படிப் போனது. சிறுமிகளுக்குத் தையல் கற்பித்தார்கள்தான்: சீருடைக்கும் படுக்கை விரிப்புக்கும். பலர் திரும்பவேயில்லை. திரும்பியவர்களில் பலருக்குப் பாட்டியோடு கதைக்க மொழியில்லை. 2008 ஜூன் 11ஆந் திகதி பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். செப்ரெம்பர் 30இல் எங்கள் பேரப்பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை அணிந்து போவது இதற்காகத்தான்.

நாங்கள் படித்த விடுதியிலும் மணியோசை இருந்தது, கண்டிப்பு இருந்தது, வரிசையில் நின்று சாப்பிட்டோம். ஆனால் அம்மா சனிக்கிழமை பலகாரத்தோடு வந்தார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனோம். அங்கே கதைத்த தமிழைத்தான் இங்கேயும் கதைத்தோம். ஒரே கரம் திறந்த இரண்டு கதவுகள் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். அரசும் சட்டமும் சேர்ந்ததால்தான் அங்கே அப்படியாயிற்று என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இந்த விவாதம் எங்கள் கிளையில் முடியவில்லை. முடிந்தது போல இங்கே வந்து பேசவும் விரும்பவில்லை.

பிள்ளைகள் போன வீடுகளில் தொட்டில்கள் வெறுமையாகின. வறுமையில் பல விற்கப்பட்டன. இன்று அவை அரும்பொருளகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அருகிலுள்ள அட்டைகளில் சேகரித்த கனவானின் பெயர் இருக்கும், ஆண்டும் இருக்கும். தைத்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் இராது. எந்தப் பிள்ளை அதில் கிடந்தது என்பதும் இராது.

இருந்தும் வேலை நின்றுபோகவில்லை. மினசோற்றாவின் மில் லாக்ஸ் பகுதியைச் சேர்ந்த மோட் கெக் அம்மையார் 1904இல் காட்டு நெல் அறுவடை முகாமில் பிறந்தவர், அம்மம்மாவால் வளர்க்கப்பட்டவர். அம்மம்மாவிடம் மொழியையும் கையையும் பெற்றார். தோள்பைகளைத் தைத்தார், அரும்பொருளகத்துக்கு வருவோருக்குச் செய்து காட்டினார், தம் சிறுவயதுக் கதைகளை ஓஜிப்வே மொழியிலேயே சொல்லி நூலாக்கினார். 1990இல் அமெரிக்காவின் தேசிய மரபுரிமைக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 1996இல் மறைந்தார். அவர் தைத்த பைக்கு அருகில் உள்ள அட்டையில் அவர் பெயர் இருக்கிறது.

2012இல் கனடாவில் ஒரு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. காணாமற் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களுக்காக மொக்கசின் காலணியின் மேற்பகுதியை மட்டும் தைத்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அனிஷினாபே பெண்களும் பிற இனத்துப் பெண்களும் தைத்தார்கள். 1,700 சோடிக்கு மேல் வந்து சேர்ந்தன. வதிவிடப் பாடசாலைகளிலிருந்து திரும்பாத பிள்ளைகளுக்காகச் சின்னஞ்சிறு சோடிகளும் வந்தன. அவற்றை நிலத்தில் விரித்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். காலணியாகத் தைத்து முடிக்கவில்லை. முடியாமலே இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள்.

கனடாவிலுள்ள எம்மவர்க்கு ஒரு சிறு செய்தி. அங்கே மணிவேலை வாங்குவதானால் செய்தவரிடம் நேரே வாங்குங்கள், அல்லது செய்தவரின் பெயரைச் சொல்லும் கடையில் வாங்குங்கள். விலை கூடத்தான். எத்தனை நாள் வேலையென்று ஊசி பிடித்த உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, மண்டப வாசலில் வைத்திருக்கும் மேசையைப் பற்றி. அனிஷினாபே பொருள் எதையும் நாங்கள் இங்கே கொண்டுவரவில்லை. அவற்றைக் காட்சிக்கு வைப்பது அவர்களுக்குரியது. மேசையில் இருப்பவை எமது தையல் அறை அலுமாரியில், இத்தனை இடப்பெயர்வுகளுக்கும் பின் எஞ்சிய மேசைவிரிப்புகள், ரேந்தைகள், ஒரு குழந்தைத் தொப்பி, துணியில் செய்த பாவைப்பிள்ளை ஒன்று. ஒன்றிலும் பெயரில்லை. பக்கத்தில் பென்சிலும் கடதாசித் துண்டுகளும் குண்டூசியும் வைத்திருக்கிறோம். தையலைப் பார்த்து ஆளைச் சொல்லக்கூடியவர்கள் இன்று இங்கே பலர் இருக்கிறீர்கள். அறிந்த பெயரையும் வகுப்பையும் எழுதிக் குத்திவிட்டுப் போங்கள். வர முடியாமற் போனவர்களுக்காக அந்தப் பொருட்களின் படங்களை இம்மலரின் கடைசிப் பக்கங்களில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம். எந்த நாட்டிலிருந்தாலும் சங்கத்துக்கு எழுதுங்கள்.